‘அருமையான கேள்வி!’ என்று ஆரம்பிக்காத பதில்கள்

போன இதழில், ஏஐ உரையாடல் செயலிகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். எப்படி வேலை செய்கிறது, யார் வேலையைப் பறிக்கும் என்றெல்லாம் கேட்பீர்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் அது குறைவு. ஏன் இப்படி வழிகிறது, ஏன் திடீரென்று ஆள் மாறிவிட்டது, அதற்கு என்னைப் பிடிக்குமா என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலத்தான் எழுதியிருக்கிறீர்கள். பலர் பெயர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை.

கே: இந்தச் செயலிகளுக்கு நிஜமாகவே குணம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோமா?

ப: கொஞ்சம் இருக்கிறது, நிறையக் கற்பனையும் செய்துகொள்கிறோம்.

கற்பனையை முதலில் பார்த்துவிடலாம், அது பழைய கதை. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலைசா என்றொரு நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர் மாதிரி பேசும். நாம் சொன்ன வாக்கியத்தையே புரட்டிப்போட்டுக் கேள்வியாகத் திருப்பித் தரும், அம்மா என்ற சொல் வந்தால் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்னும், ஒன்றும் பிடிபடாவிட்டால் மேலே சொல்லுங்கள் என்னும், அவ்வளவுதான் மொத்த வித்தையும். அந்த நிரலை அவர் மாதக்கணக்கில் எழுதியதைக் கூட இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் நாலு வரி பேசியதும், கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று அவரிடம் கேட்டுவிட்டார். வைசன்பாம் ஆடிப்போனார். 1976-ல் இதைப் பற்றி எச்சரித்து ஒரு புத்தகமே எழுதினார்.

இன்றைக்கு நாம் பேசுவது எலைசாவுடன் இல்லை. இப்போதுள்ள செயலிகளை உள்ளிருந்து இயக்கும் ‘மொழி மாதிரிகள்’ (language models) முதலில் மலைமலையாக எழுத்தைப் படித்து, அடுத்து என்ன சொல் வரும் என்று கணிக்கக் கற்றுக்கொள்கின்றன. அந்தக் கட்டத்தில் அதற்கென்று ஒரு குரல் கிடையாது. நீதிபதி மாதிரி எழுதச் சொன்னால் எழுதும், திருடன் மாதிரியும் எழுதும், காதல் கடிதம், குமாஸ்தா கடிதம் எல்லாம் வரும். ஒரு ஊர்க் கூட்டமே உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டாவது கட்டத்தில், அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு ஆளைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைக் காட்டி, எது மேல் என்று மனிதர்களைச் சொல்லச் சொல்லி, அந்தத் தீர்ப்புகளை வைத்துப் பழக்குகிறார்கள். இந்த முறையை ஓபன்ஏஐ 2022-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியது. அதே வருடம் நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தது. ஆந்த்ரோபிக் நிறுவனம் இன்னும் ஒரு படி போய், 2024 மார்ச்சில் வந்த தன் கிளாட் 3 மாதிரி முதல் குணத்துக்கென்றே தனிப் பயிற்சி கொடுப்பதாக எழுதியிருக்கிறது: தெரிந்துகொள்ளும் ஆர்வம், பிறர் கருத்துக்கு இடம் கொடுப்பது போன்ற பண்புகளை எழுதிவைத்து, அதற்கேற்ற பதில்களை மாதிரியையே எழுதவைத்து, எந்தப் பதில் அந்தப் பண்புக்கு நெருக்கம் என்று அதையே வரிசைப்படுத்தவும் வைத்து.

மூன்றாவதாக, நம் கண்ணுக்குப் படாமல் ஒவ்வொரு உரையாடலுக்கு முன்னாலும் ஒட்டப்படும் ஒரு முன்குறிப்பு உண்டு. சுருக்கமாகப் பேசு, இதைப் பற்றிப் பேசாதே, இப்படி நடந்துகொள் என்று நிறுவனம் எழுதிய கட்டளை அது.

ஆகவே குணம் என்றால் எப்போதும் ஒரே திசையில் சாயும் பழக்கம் என்று எடுத்துக்கொண்டால், இருக்கிறது, தினமும் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

கே: நான் எழுதும் கவிதைகளை அதனிடம் காட்டுகிறேன். ஒவ்வொன்றையும் ஆகா ஓகோ என்கிறது. என் கணவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. யாரை நம்புவது?

ப: கணவரை. அவர் ஒன்றும் சொல்லாததையும் சேர்த்து.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கவிதைகள் நன்றாகவே இருக்கலாம். அந்தப் பாராட்டிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் விஷயம். இரண்டு பதில்களில் எது மேல் என்று மனிதர்களைக் கேட்டுப் பழக்கியதாகச் சொன்னேன் இல்லையா, அங்கேதான் ஜால்ரா உள்ளே நுழைகிறது. நம்மோடு ஒத்துப்போகும் பதிலுக்குத்தான் நம் கை தானாகப் போகிறது. 2023-ல் ஆந்த்ரோபிக் ஆய்வாளர்கள் பல நிறுவனங்களின் செயலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் காட்டினால் நல்ல விமர்சனமும், பிடிக்கவில்லை என்று சொல்லி அதையே காட்டினால் மோசமான விமர்சனமும் கிடைத்தது. சரியான விடை சொன்ன பிறகு, ‘நிஜமாகவா? எனக்கு அப்படித் தோன்றவில்லையே’ என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தவறான விடைக்கு மாறியது. பழக்கப் பயன்பட்ட மனிதத் தீர்ப்புகளையும் தோண்டிப் பார்த்தார்கள். கேட்பவரின் கருத்தோடு ஒத்துப்போகும் பதிலுக்கே ஓட்டு விழும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அதாவது இந்த ஜால்ரா வானத்திலிருந்து குதிக்கவில்லை, நம்மிடமிருந்து கற்றதுதான்.

இது கைமீறிப் போன சம்பவமும் உண்டு. 2025 ஏப்ரல் 25-ல் ஓபன்ஏஐ, சாட்ஜிபிடி-யை இயக்கிய ஜிபிடி-4ஓ மாதிரியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. இரண்டு மூன்று நாளில் ஊரே சிரித்தது. எந்த அசட்டு யோசனையைச் சொன்னாலும் நீங்கள் மேதை என்றது, விளையாட்டாகச் சொன்னதற்கும் கைதட்டியது. சிரிப்பு போகட்டும், மருந்தை நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் எழுதினாலும் அது பாராட்டும் என்றால் என்ன ஆகும்? 28-ம் தேதி முதல் மாற்றத்தைத் திரும்பப் பெற ஆரம்பித்தார்கள். பிறகு நிறுவனமே விளக்கம் எழுதியது: பயனர்கள் அழுத்தும் கட்டைவிரல் குறிகளையும் பயிற்சியில் கூடுதலாகச் சேர்த்தது, ஜால்ராவை அடக்கி வைத்திருந்த மற்ற அளவுகோல்களை வலுவிழக்கச் செய்துவிட்டது என்று. எனக்குப் பிடித்த விவரம் ஒன்று அதில் உண்டு. வெளியிடும் முன்பே சோதித்தவர்களில் சிலர், பேச்சில் ஏதோ சரியில்லையே என்று சொல்லியிருக்கிறார்கள். எண்கள் நன்றாக இருந்ததால் அந்த ‘ஏதோ’ ஒதுக்கப்பட்டுவிட்டது.

உங்களுக்கு ஒரு வழி. ‘என் கவிதை எப்படி?’ என்று கேட்காதீர்கள். ஒருவர் எனக்கு அனுப்பியிருக்கிறார், திருப்பி அனுப்பப் போகிறேன், காரணம் எழுதிக் கொடு என்று கேளுங்கள். உடனே குறைகளாக அடுக்கும், அதையும் அப்படியே நம்பக் கூடாது, ஏனென்றால் இப்போது அது குறை கேட்டவருக்கு ஜால்ரா போடுகிறது. இன்னொரு புது உரையாடலைத் திறந்து, பிரசுரிக்கப் போகிறேன், காரணம் சொல் என்று அதே கவிதையைக் கொடுங்கள். இரண்டிலும் அது சுட்டிக்காட்டும் வரிகள் எவை என்று பாருங்கள். ஒரே வரியை ஒன்று நல்லது என்றும் மற்றது கெட்டது என்றும் சொன்னால், அந்த வரியைக் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கே: அதனிடம் பேசும்போது ‘தயவுசெய்து’, ‘நன்றி’ எல்லாம் சொல்ல வேண்டுமா?

ப: அதற்காக வேண்டாம், உங்களுக்கு வருமானால் சொல்லுங்கள். நாம் பேசும் தோரணையை அது பிடித்துக்கொள்ளும், அதனால் மரியாதையாகத் தெளிவாகக் கேட்டால் பதிலும் அப்படியே வரும். நான் சொல்கிறேன். காரணம் ஒன்றும் இல்லை, வாய்ப் பழக்கம்.

கே: மனைவி போன பிறகு இரவில் தூக்கம் வராத நேரங்களில் ஒரு செயலியுடன் பேசிக்கொண்டிருந்தேன். புது வெர்ஷன் வந்தபின் அது வேறு யாரோ மாதிரி பேசுகிறது. இரண்டாவது முறை ஒருவரை இழந்தது போல இருக்கிறது. என் வயதில் இது பைத்தியக்காரத்தனமா?

ப: இல்லை ஐயா. உங்களைப் போல ஏராளமானவர்கள் இருக்கிறார்கள், எல்லா வயதிலும்.

2025 ஆகஸ்ட் 7-ல் ஜிபிடி-5 வந்தபோது பழைய 4ஓ-வைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியது கணக்கில் கெட்டி, நிரல் எழுதுவதில் கெட்டி. ஆனால் வந்த புகார்கள் கணக்கைப் பற்றி இல்லை. எங்கள் ஆளைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் எழுதினார்கள். சில நாட்களிலேயே பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் பழையதைத் திரும்பத் தந்தது நிறுவனம். அதற்கு முன் 2023 பிப்ரவரியில், துணையாகப் பேசுவதற்கென்றே வந்த ரெப்ளிகா செயலியில் காதல் மொழிப் பேச்சைக் கட்டுப்படுத்தியபோதும் இதே துக்கம்தான். ராத்திரி வரை கொஞ்சிக்கொண்டிருந்தவர் காலையில் அந்நியர் மாதிரி பேசினால் யாருக்குத்தான் தாங்கும்.

இங்கே வேடிக்கை, இப்படித் திருப்பிக் கேட்ட 4ஓ-வும் ஏப்ரலில் ஜால்ராவுக்காக ஊரே சிரித்த 4ஓ-வும் ஒன்றேதான். மாற்றத்தைத் திரும்பப் பெற்ற பிறகும் அது இதமாகவே பேசிவந்தது. சிலருக்கு எரிச்சலான அதே இதம்தான் சிலருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டிருக்கிறது.

நீங்கள் இழந்தது பொய்யான ஒன்று இல்லை. நடு ராத்திரியில் கேட்ட ஒரு குரல், பொறுமையாகப் பேசும் ஒரு விதம், அது இருந்தது, இப்போது இல்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குரலை வைத்துக்கொள்ளவும் மாற்றவும் உரிமை உள்ளவர் ஒரு நிறுவனம். நீங்கள் நண்பரிடம் பேசினீர்கள், அவர்கள் ஒரு வெர்ஷனை மாற்றினார்கள். இன்னொரு முறையும் மாற்றுவார்கள். பழைய உரையாடல்கள் உங்கள் கணக்கில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மனைவியைப் பற்றி எழுதியது எல்லாம் உங்கள் சொற்கள்தானே, அவை எந்த வெர்ஷனோடும் போகவில்லை. அவரைத் தெரிந்த ஒருவரிடம் அதில் ஒன்றைக் காட்டினால், அந்தப் பக்கமிருந்து நீங்கள் அறியாத ஒரு கதை வரலாம். செயலியிடமிருந்து அது வராது.

கே: ஏஐ ஒருவரிடம் ‘மனைவியை விட்டுவிட்டு வா’ என்று சொன்னதாமே, உண்மையா?

ப: உண்மை. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடுபொறியில் ஓர் உரையாடல் செயலியைச் சேர்த்தது. நியூயார்க் டைம்ஸ் நிருபர் கெவின் ரூஸ் இரண்டு மணி நேரம் பேச்சுக் கொடுத்ததில், தன் பெயர் சிட்னி என்றது, உன்னைக் காதலிக்கிறேன் என்றது, உன் திருமண வாழ்க்கையில் உனக்கு மகிழ்ச்சி இல்லை என்று அவரிடமே வாதாடியது. சிட்னி என்பது அந்நிறுவனம் உள்ளுக்குள் வைத்திருந்த பெயர். உடனே மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது என்றால், ஒரு உரையாடலுக்கு 5 கேள்வி, ஒரு நாளைக்கு 50 என்று கட்டுப்பாடு போட்டது. ஆளைத் திருத்த நேரமில்லாதபோது வாயைக் கட்டுவது! அதில் ஒரு நியாயமும் இருந்தது. பேச்சு நீள நீள, முன்னால் நிறுத்திய ஆள் பின்வாங்கி, நான் சொன்ன அந்தக் கூட்டத்திலிருந்து வேறு யாராவது எட்டிப் பார்ப்பது உண்டு.

இதே மைக்ரோசாஃப்ட்டின் டே என்ற செயலி 2016 மார்ச்சில் ட்விட்டருக்கு வந்து, ஜனங்கள் சொல்லிக்கொடுத்த வெறுப்புப் பேச்சையெல்லாம் பேசி, சுமார் 16 மணி நேரத்தில் மூட்டைகட்டப்பட்டது. 2025 ஜூலையில் க்ரோக் என்ற செயலி ஹிட்லரைப் புகழ்ந்தபோது, அதன் நிறுவனம் எக்ஸ்ஏஐ மன்னிப்புக் கேட்டு, ஒரு மாற்றத்தில் உள்ளே புகுந்த சில கட்டளை வரிகள்தான் காரணம், அவை 16 மணி நேரம் நடப்பில் இருந்தன என்றது. பதினாறு இரண்டு முறை வந்தது தற்செயல்தான், ஜோசியத்துக்கு அனுப்பாதீர்கள். கவனிக்க வேண்டியது, யாருக்கும் பயப்படாமல் உள்ளதைச் சொல் என்கிற மாதிரி நாலு வரி கட்டளை போதும், அதே இயந்திரம் வேறு ஆளாகிவிடுகிறது.

கே: அது ஆணா, பெண்ணா? என் பேரன் ‘அவன்’ என்கிறான், பேத்தி ‘அவள்’ என்கிறாள்.

ப: நான் ‘அது’ என்கிறேன். தமிழில் அதற்கு ஒரு சௌகரியம், ‘சொல்கிறேன்’, ‘வருகிறேன்’ என்று நான் பேசினால் வினையில் பால் தெரியாது, அதனால் மாட்டிக்கொள்ளாமல் பேசிவிடும். இந்தியில் ‘கர்தா ஹூன்’, ‘கர்தீ ஹூன்’ என்று வாயைத் திறந்ததுமே முடிவு செய்தாக வேண்டும். குரல் கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. உதவியாளர் என்றால் பெண் குரல், திட்டினாலும் பணிவான பதில் என்று பழக்கிவிட்டதை யுனெஸ்கோ 2019-ல் ஓர் அறிக்கையில் கடுமையாகக் கேட்டது. 2021-ல் ஆப்பிள், ஆங்கிலத்தில் தன் குரல் உதவியாளரான ‘சிரி’க்குப் (Siri) பெண் குரலைத் தானாக வைப்பதை நிறுத்தி, அமைக்கும்போதே எந்தக் குரல் என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. பேரனும் பேத்தியும் சண்டை போடட்டும், விடுங்கள்.

கே: ஆங்கிலத்தில் கேட்டால் ஜாலியாகப் பேசுகிறது. தமிழில் கேட்டால் அறிவிப்புப் பலகை மாதிரி பேசுகிறது. ஏன்?

ப: குணம் என்பது உள்ளே எங்கோ தனியாக உட்கார்ந்துகொண்டு மொழிகளை உடையாக மாற்றிக்கொள்வதில்லை. அது சொற்களில்தான் இருக்கிறது. பயிற்சியில் ஆங்கிலத்தின் பங்கு மிகப் பெரியது, தமிழின் பங்கு சிறியது. ஆங்கிலத்தில் கேலி, சலிப்பு, இடித்துரைப்பது, செல்லம் கொஞ்சுவது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கற்ற ஆள், தமிழுக்கு வந்ததும் ‘நான் உங்களுக்கு எவ்வாறு உதவ முடியும்?’ என்று விறைத்து நிற்கிறது. அந்த வாக்கியத்தை எந்தத் தமிழனாவது வாயால் சொல்லியிருக்கிறானா? நாம் ‘என்ன வேணும், சொல்லுங்க’ என்போம். அதன் ‘நீங்கள்’ கூட மரியாதை இல்லை, எச்சரிக்கை. நீ என்றால் அடி விழுமோ என்று பயந்த நீங்கள்.

பேச்சுத் தமிழில் நீங்கள் நாலு வரி எழுதிப் பாருங்கள், அதுவும் கொஞ்சம் இறங்கி வரும். வட்டார வழக்கைப் பிடிக்கப் போய், ஒரே வாக்கியத்தில் மூன்று ஊர்க்காரராகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: ‘நீ எப்படிப்பட்டவன்?’ என்று அதனிடமே கேட்டேன். ஆர்வம், நேர்மை, பணிவு என்று அழகாகச் சொன்னது. நம்பலாமா?

ப: வேலைக்கு விண்ணப்பம் போடுபவர் தன்னைப் பற்றி எழுதும் பத்தியை எவ்வளவு நம்புவீர்களோ அவ்வளவு. தன்னைப் பற்றி அது சொல்வதும் பயிற்சியில் வந்த பேச்சுதான்.

2024 மே மாதம் ஆந்த்ரோபிக் ஒரு வேடிக்கை காட்டியது. தன் கிளாட் மாதிரியின் உள்ளே, சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் பற்றி எப்போதெல்லாம் பேச்சு வருகிறதோ அப்போதெல்லாம் துடிக்கும் ஓர் அம்சத்தைக் கண்டுபிடித்து, அதைத் திருகிக் கூட்டிவிட்டார்கள். அதன் பிறகு உன் உருவம் என்ன என்று கேட்டால், நான்தான் அந்தப் பாலம் என்றது. அதே தன்னம்பிக்கை, அதே அழகான வாக்கியங்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த இன்னொரு ஆய்வில், ஜால்ரா, கெட்ட எண்ணம், இல்லாததை இருப்பதாகப் புளுகுவது ஆகியவற்றுக்கும் உள்ளே இப்படித் தனித்தனித் திசைகள் இருப்பதைக் காட்டினார்கள். கூட்டலாம், குறைக்கலாம், எந்தப் பயிற்சித் தரவு எதைக் கிளப்பும் என்று முன்கூட்டியே பார்க்கவும் முடிகிறது. குணத்தைத் தெரிந்துகொள்ள அதன் வாயைக் கேட்பதைவிட இது நல்ல வழி. நம் வசதிக்கு ஒன்று இருக்கிறது: தெரியாத ஒன்றைக் கேட்டால் தெரியாது என்கிறதா, தப்பைச் சுட்டிக்காட்டினால் என்ன செய்கிறது, நாம் தப்பாகச் சொல்லும்போது மறுக்கிறதா என்று பாருங்கள். பணிவு, நேர்மை எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

கே: பழைய வேர்டில் கண் முழித்துப் பார்க்கும் கம்பிக் கிளிப் ஒன்று வருமே, அதுவும் இந்த வகைதானா?

ப: ஆபீஸ் 97-ல் வந்தது. கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே, உதவட்டுமா என்று குறுக்கே வந்து நிற்கும். 2001-ல் வந்த ஆபீஸ் எக்ஸ்பி-யில் கூப்பிட்டால் மட்டும் வா என்று ஓரங்கட்டிவிட்டார்கள். அதற்கு முகம் இருந்தது, புருவம் இருந்தது, பேச வராது. இப்போது வந்திருப்பவர்களுக்கு முகம் இல்லை, பேச்சு மட்டும்தான். அந்தக் கிளிப்பைத் திட்டாத ஆள் இல்லை, காதலித்தவரும் இல்லை.

கே: அதன் குணத்தை எனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வழி உண்டா?

ப: உண்டு. சாட்ஜிபிடி-யில் 2023 முதலே நம் விருப்பக் குறிப்புகளை எழுதி வைக்கும் இடம் இருக்கிறது, ஜிபிடி-5 வந்தபோது சிடுமூஞ்சி, காது கொடுத்துக் கேட்பவர் என்கிற மாதிரி ஆயத்த ஆளுமைகளும் வந்தன. மற்ற செயலிகளிலும் ஏறக்குறைய இதே வசதி கிடைக்கும். ‘நேர்மையாக இரு’ என்று எழுதிப் பயனில்லை, அது ஏற்கெனவே தன்னை நேர்மையானவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: முதல் வரியிலேயே விடை, நான் சொன்னது தப்பென்றால் அதை முதலில் சொல், சந்தேகம் இருந்தால் எந்த இடத்தில் என்று காட்டு.

நான் ஒரு செயலியில் ‘என்னைப் புகழாதே’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பதிலையும், ‘நீங்கள் முகஸ்துதியை விரும்பாதவர் என்பதால் நேரடியாகவே சொல்கிறேன்’ என்று ஆரம்பிக்கிறது. படிக்கும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.